ஆறாத மார்பகச் சீழ்க்கட்டியும் அறிக்கையில் சிக்காத கிருமியும்

சீழைக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பினால், சில சமயம் "48 மணி நேரத்தில் கிருமி வளர்ச்சி இல்லை" என்ற ஒற்றை வரியோடு அறிக்கை வந்து சேரும். மார்பகத்தில் கட்டி வந்து, கீறிச் சீழ் எடுத்து, இரண்டு முறை ஆன்டிபயாடிக் மாற்றிச் சாப்பிட்டும் புண் ஆறாத ஒரு பெண் அந்த வரியைக் கிருமியே இல்லை என்று படித்துக்கொள்வது இயல்புதான். ஆனால், அந்த ஆய்வகம் பயன்படுத்திய வளர்ப்பு ஊட்டத்தில், அது காத்திருந்த இரண்டு நாளுக்குள், கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு எதுவும் வளரவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். மெதுவாக வளரும் கிருமியும், கொழுப்பு கிடைக்காமல் சரியாக வளராத கிருமியும், காற்றுப் பட்டால் மடிந்துவிடும் கிருமியும் இந்த வரிக்குப் பின்னால் தாராளமாக ஒளிந்திருக்க முடியும். மாதக்கணக்கில் இழுத்தடிக்கும் மார்பகத் தொற்றைப் புரிந்துகொள்ள விரும்புபவர், இந்த மூன்று வகையையும் மனதில் வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது.

முதலில் வழக்கமான தொற்று எப்படி இருக்கும் என்பதைச் சொல்லிவிடலாம். மார்பகச் சீழ்க்கட்டிக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் கிருமி. பாலூட்டும் காலத்தில் காம்பில் ஏற்படும் வெடிப்பு வழியாக இது உள்ளே நுழைந்து பெருகும்போது, ஓரிரு நாளுக்குள் காய்ச்சல், குளிர், சிவப்பு, தொட முடியாத வலி என்று எல்லாம் ஒன்றாகக் கிளம்பிவிடும். குளோக்சசிலின், செஃபலெக்சின் போன்ற மருந்துகளை 10 முதல் 14 நாள் கொடுத்து, சீழ் தேங்கியிருந்தால் ஸ்கேனில் பார்த்தபடியே ஊசியால் உறிஞ்சி எடுத்தால், இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கி வலி குறையத் தொடங்கும். மெதிசிலினுக்கு அடங்காத ஸ்டெஃபிலோகாக்கஸாக இருந்தால் மருந்தை மாற்ற வேண்டும். அதுவும் கல்ச்சர் அறிக்கையில் தெளிவாகவே வந்துவிடும், ஏனென்றால் இந்தக் கிருமி ஒரே இரவில் ஆய்வகத்தின் வளர்ப்புத் தட்டில் வளர்ந்து நிற்கும்.

இந்த வழியில் போகாத கட்டிதான் நம் பொருள். சரியான மருந்தைச் சரியான அளவில் சாப்பிட்டும் கட்டி கரையவில்லை. ஆறியது போல் இருந்து அதே இடத்திலோ பக்கத்திலோ மீண்டும் வீங்குகிறது. கீறிய இடம் மூடாமல் நீர் கசிந்துகொண்டே இருக்கிறது. தோலில் ஒன்றுக்கு இரண்டாகப் புழைகள் விழுகின்றன. காய்ச்சல் பெரிதாக இல்லை, ஆனால் கல் போன்ற ஒரு திரட்சி மட்டும் பெரிதாகிக்கொண்டே போகிறது. அந்தப் பெண் பாலூட்டுவதையும் நிறுத்தி ஓரிரு ஆண்டுகள் ஆகியிருக்கும். இப்படி ஒரு கதையைக் கேட்டால், நான்காவது ஆன்டிபயாடிக்கின் பெயரை எழுதுவதற்கு முன்னால், இது என்ன கிருமி என்ற கேள்விக்கு உருப்படியான பதில் தேட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

இந்த வகையில் அண்மைக் காலத்தில் அதிகம் பேசப்படும் கிருமி கோரினிபாக்டீரியம் குரோப்பென்ஸ்டெட்டியை. பெயர் நாக்கில் நிற்காது என்றாலும், இதன் உறவினர் ஒருவரை நமக்கு நன்றாகத் தெரியும்: தொண்டை அடைப்பான் நோயை உண்டாக்கும் கிருமி இதே கோரினிபாக்டீரியம் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். குரோப்பென்ஸ்டெட்டியை 1998-இல் ஒரு நோயாளியின் சளியிலிருந்து பிரிக்கப்பட்டு, தனி இனம் என்று விவரிக்கப்பட்டது. மார்பகத்துக்கும் இந்தக் குடும்பத்துக்கும் உள்ள தொடர்பை 2002-இலும் 2003-இலும் நியூசிலாந்து ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். அதற்கு முன்பே, 1972-இல், மார்பகத் திசுவில் பாதுகாப்பு அணுக்கள் திரண்டு கட்டியாகும் கிரானுலோமா மார்பக அழற்சி என்ற தனி நோய் விவரிக்கப்பட்டிருந்தது. காரணம் தெரியாத நோய் என்ற முத்திரையோடு அது முப்பது ஆண்டு கிடந்தது. இன்றும் அந்த முத்திரை முழுவதும் விலகிவிடவில்லை. கிருமியே கண்டுபிடிக்க முடியாத கிரானுலோமா அழற்சிகள் இருக்கின்றன, கிருமி இருந்தாலும் அதுதான் நோயைத் தொடங்கிவைத்ததா, வேறு காரணத்தால் சிதைந்த திசுவில் வந்து குடியேறியதா என்ற விவாதமும் ஓயவில்லை. என்றாலும், கிருமி இருக்கிறது என்று தெரிந்த பிறகு அதைக் கண்டுகொள்ளாமல் விடுவதற்கு அந்த விவாதம் ஒரு காரணமாகாது என்பதே என் எண்ணம்.

இந்தக் கிருமி ஏன் இத்தனை காலம் கண்ணில் படவில்லை என்பதில்தான் நோயறிதலின் பாதி விஷயம் அடங்கியிருக்கிறது. இது கொழுப்பை விரும்பும் கிருமி. தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலங்களைத் தானே செய்துகொள்ள இதனால் முடியாது. வெளியிலிருந்து கிடைத்தால்தான் செழித்து வளரும். மார்பகமோ கொழுப்பும் பால் சுரப்பிகளும் நிறைந்த உறுப்பு. பால் நாளத்திலிருந்து கொழுப்பு கலந்த சுரப்பு திசுவுக்குள் கசிந்தால், இந்தக் கிருமிக்கு அதைவிட நல்ல வீடு கிடைக்காது. ஆய்வகத்தின் சாதாரண இரத்த அகார் தட்டிலோ அந்த வசதி இல்லை. அதனால் அங்கே மூன்று நான்கு நாள் கழித்து ஊசி முனை அளவுக்குச் சிறு புள்ளிகளாக வளரும், அல்லது வளராமலே போகும். ட்வீன் 80 என்னும் கொழுப்பு அமிலம் சேர்ந்த பொருளை ஊட்டத்தில் கலந்து, தட்டை ஒரு வாரத்துக்கு மேலும் வைத்திருந்து பார்த்தால் நிலைமை மாறும்.

வளர்ந்தாலும் தப்பித்துக்கொள்ள இதற்கு இன்னொரு வழி உண்டு. கோரினிபாக்டீரியம் இனங்கள் பல நம் எல்லோருடைய தோலிலும் வாழ்கின்றன. எனவே தட்டில் இந்த வகைக் கோல் வடிவக் கிருமி தெரிந்தவுடன், ஊசி தோலைத் துளைக்கும்போது ஒட்டிக்கொண்டு வந்தது என்று முடிவு கட்டி, "டிப்தீராய்ட்", "தோலில் இயல்பாக வாழும் நுண்ணுயிர்கள்" என்று எழுதி அறிக்கையை முடித்துவிடுவது வழக்கம். வேறு எந்தச் சீழாக இருந்தாலும் அது பெரும்பாலும் சரியான முடிவுதான். ஆறாத மார்பகக் கட்டியில் மட்டும் அது ஆபத்தான முடிவு. ஒட்டிவந்த கிருமிக்கும் நோய் செய்யும் கிருமிக்கும் வித்தியாசம் காண வழிகள் இருக்கின்றன. வேறு வேறு நாளில் எடுத்த மாதிரிகளில் அதே கிருமி திரும்ப வருகிறதா, வேறெந்தக் கிருமியும் கலக்காமல் அது மட்டும் வளர்ந்திருக்கிறதா, புண்ணின் மேற்பரப்பில் துடைத்த பஞ்சில் வந்ததா அல்லது ஆழத்திலிருந்து எடுத்த திசுவில் வந்ததா, கிருமிகளை நிறமேற்றிக் காட்டும் கிராம் சாயமிட்டுப் பார்த்த சீழ் அணுக்களுக்கு நடுவில் கோல் வடிவக் கிருமிகள் தெரிந்தனவா என்ற கேள்விகளுக்குப் பதில் கிடைத்தால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இந்தக் கேள்விகளை ஆய்வகம் கேட்டுக்கொள்ள வேண்டுமானால், மாதிரியோடு போகும் படிவத்தில் "சீழ்" என்று ஒரு சொல்லை எழுதி அனுப்பினால் போதாது. "ஐந்து மாதமாக ஆறாத மார்பகக் கட்டி, கோரினிபாக்டீரியம் சந்தேகம், தட்டை நீண்ட நாள் வைத்திருக்கவும்" என்று எழுதுவதற்கு அரை நிமிடம்தான் ஆகும்.

அடுத்தது, எதை எடுப்பது, எதில் போடுவது. ஆறாத கட்டிக்குச் சீழ் மட்டும் போதாது, திசு வேண்டும். மரத்துப்போகும் ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே, தடித்த ஊசியால் தீக்குச்சியைவிட மெல்லிய திசுத் துண்டுகள் சிலவற்றை எடுப்பார்கள். இதைத்தான் கோர் பயாப்ஸி என்கிறோம். இந்த இடத்தில் நடக்கும் ஒரு தவறு மிக எளியது, அதன் விளைவோ பெரியது. பயாப்ஸி என்றாலே புற்றுநோய்ச் சோதனை என்று பழகிய கை, எடுத்த துண்டுகள் அத்தனையையும் ஃபார்மலின் குப்பிக்குள் போட்டுவிடும். திசுவின் அமைப்பைப் பார்க்க ஃபார்மலின் அவசியம். ஆனால் அது திசுவில் உள்ள எல்லாக் கிருமிகளையும் கொன்றுவிடும். அதன் பிறகு அந்தத் துண்டிலிருந்து எதையும் வளர்த்தெடுக்க முடியாது. ஆகவே சில துண்டுகள் ஃபார்மலினிலும், சில துண்டுகள் கிருமி நீக்கிய உப்பு நீர் உள்ள இன்னொரு குப்பியிலும் போக வேண்டும். முதல் குப்பி நோயியல் ஆய்வகத்துக்கு, இரண்டாவது நுண்ணுயிரியல் ஆய்வகத்துக்கு. பயாப்ஸிக்குப் போகும் ஒரு பெண் மருத்துவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால், "கல்ச்சருக்கும் தனியாக அனுப்புகிறீர்களா, டாக்டர்?" என்று கேட்கலாம். முடிந்தால் மாதிரி எடுப்பதற்குச் சில நாள் முன்பே ஆன்டிபயாடிக்கை நிறுத்திவைப்பதும் நல்லது. அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும், ஏனென்றால் காய்ச்சலோடு இருப்பவரிடம் அப்படிக் காத்திருக்க முடியாது.

நோயியல் ஆய்வகத்தின் நுண்ணோக்கியில் தெரியும் காட்சியும் இந்தக் கிருமியைக் காட்டிக்கொடுக்கும். உடல் தன்னால் அழிக்க முடியாத ஒன்றைச் சுற்றிப் பாதுகாப்பு அணுக்களை வளையமாக நிறுத்திவைக்கும் அமைப்புக்குக் கிரானுலோமா என்று பெயர். கோரினிபாக்டீரியம் தொற்றில் இந்த வளையங்களுக்கு நடுவே வட்ட வட்டமான வெற்றிடங்கள் தெரியும். திசுவை மெழுகில் பதிக்கத் தயார் செய்யும்போது அதிலுள்ள கொழுப்பு கரைந்து வெளியேறிவிடுவதால், கொழுப்புத் துளி இருந்த இடம் ஓட்டையாக நிற்கிறது. அந்த ஓட்டையைச் சுற்றி நியூட்ரோஃபில் என்னும் வெள்ளை அணுக்கள் மொய்த்திருக்கும். கிராம் சாயமிட்டுப் பொறுமையாகத் தேடினால் ஓட்டைக்குள்ளே ஊதா நிறத்தில் இரண்டோ மூன்றோ கோல்கள் கிடக்கும். மிகக் குறைவாக இருப்பதால் பல வெட்டுகளைப் பார்க்க வேண்டியிருக்கும். தட்டில் வளர்ந்த கிருமியை அடையாளம் காண, அதன் புரதங்களின் நிறையை அளந்து பெயர் சொல்லும் மால்டி-டாஃப் கருவி இப்போது பல ஆய்வகங்களில் இருக்கிறது. எதுவும் வளராவிட்டால், திசுவிலிருந்தே கிருமியின் 16எஸ் மரபணுவைப் பெருக்கி வாசிக்கும் சோதனை கைகொடுக்கும்.

கிரானுலோமா என்ற சொல் அறிக்கையில் வந்தவுடன் காசநோயை நினைக்காமல் இருக்க முடியாது, நினைக்கத்தான் வேண்டும். மார்பகக் காசநோயை ஆஸ்ட்லி கூப்பர் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1829-லேயே விவரித்துவிட்டார். வலி அதிகம் இல்லாத கட்டி, அக்குளில் நெறி கட்டியிருப்பது, ஆறாத புழை ஆகியவை இதிலும் உண்டு என்பதால், வெளித்தோற்றத்தை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. சாயமிட்டு நுண்ணோக்கியில் காசநோய்க் கிருமி தென்பட வேண்டுமானால் ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 10,000 கிருமிகளாவது இருக்க வேண்டும். மார்பகத் திசுவில் அவ்வளவு இருப்பது அரிது. ஆகவே சாயச் சோதனையில் இல்லை என்று வந்தால் அதோடு விட்டுவிட முடியாது. மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பெர்ட் போன்ற சோதனையும், ஆறு முதல் எட்டு வாரம் வரை காத்திருக்கும் காசநோய்க் கல்ச்சரும் தேவை. எதிர்ப் பக்கத்துத் தவறும் நடக்கிறது: கிரானுலோமா தெரிந்தது என்ற ஒரே காரணத்துக்காக, கிருமி எதுவும் உறுதியாகாமலே காசநோய் மருந்தைத் தொடங்கிவிடுவது. அந்த மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் கோரினிபாக்டீரியத்தையும் கொல்லும் என்பதால் கட்டி கரையலாம். கரைந்தது என்பதை வைத்துக் காசநோய்தான் என்று சாதிக்கவும் செய்வார்கள்.

காசநோய்க் கிருமியின் தூரத்து உறவினர்களான மைக்கோபாக்டீரியம் ஃபார்ச்சூயிட்டம், அப்செசஸ், கெலோனே ஆகியவை நீரிலும் மண்ணிலும் வாழ்பவை. மார்பகத்தில் செயற்கைப் பை பொருத்திய பிறகோ, காம்பில் வளையம் குத்திக்கொண்ட பிறகோ, வேறு அறுவை நடந்த பிறகோ, வாரங்கள் கழித்துத் தலைகாட்டும் தொற்றில் இவற்றைத் தேட வேண்டும். இவற்றை வேகமாக வளரும் இனங்கள் என்று சொல்வார்கள். அந்த வேகம் என்பது ஏறக்குறைய ஒரு வாரத்துக்குள் வளர்வதுதான், அதனால் இரண்டு நாள் கல்ச்சரில் இவையும் தப்பிவிடக் கூடியவை. வழக்கமான காசநோய் மருந்துகளுக்கு இவை பெரும்பாலும் கட்டுப்படாது.

காற்று ஆகாத கிருமிகள் வேறு ஒரு கூட்டம். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரத்தில் திரும்பத் திரும்ப வந்து, அங்கேயே புழை விழும் கட்டிகளில் இவற்றைக் காணலாம். அந்தப் பெண்களில் பெரும்பாலோர் புகைபிடிப்பவர்களாக இருப்பது நெடுநாளாக அறியப்பட்ட செய்தி. இங்கே அடிப்படைக் கோளாறு பால் நாளத்தின் உள்தோல் மாறி, அதில் கெரட்டின் என்னும் தோல் புரதம் அடைத்துக்கொள்வது; அந்த நாளத்தை அறுவை செய்து எடுக்காமலும் புகையை விடாமலும் காற்று ஆகாத கிருமிகளைக் கொல்லும் மெட்ரோனிடசோல் மாத்திரையால் மட்டும் நிரந்தரமாக ஆறுவது கடினம். மஞ்சள் துகள்கள் கலந்த சீழோடு வரும் ஆக்டினோமைசிஸ் தொற்றும் அரிதாக உண்டு. அதற்குப் பென்சிலின் வகை மருந்தே போதும், ஆனால் பல மாதம் கொடுக்க வேண்டும்.

கிருமிகளைத் தேடும் ஆர்வத்தில் ஒன்றை மறந்துவிடக் கூடாது. மார்பகம் முழுவதும் சிவந்து, தோல் ஆரஞ்சுப் பழத் தோல் போலப் புள்ளி புள்ளியாகத் தடித்து, ஆன்டிபயாடிக்குக்கு அசைந்துகொடுக்காத நிலை ஒரு வகைப் புற்றுநோயிலும் வரும். அதனால்தான் ஃபார்மலின் குப்பியை ஒருபோதும் தவிர்க்க முடியாது. புரோலாக்டின் என்னும் ஹார்மோனின் அளவையும் ஒரு முறை பார்த்துவிடுவது பயனுள்ளது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியில் வரும் கட்டியாலோ, ரிஸ்பெரிடோன் போன்ற மனநல மருந்தாலோ, மெட்டோகுளோபிரமைடு போன்ற வாந்தி மருந்தாலோ அது உயர்ந்திருந்தால், பாலூட்டாத மார்பகத்திலும் சுரப்பு தேங்கிக் கிருமிக்கு உணவாகிக்கொண்டே இருக்கும். காரணமான மருந்து எது என்று தெரிந்தாலும், தானாக நிறுத்தாமல் அதை எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் பேசி மாற்றுவதே முறை.

சிகிச்சைக்கு வருவோம். கோரினிபாக்டீரியம் என்று உறுதியானால், மருந்தைத் தேர்ந்தெடுப்பதில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருக்கின்றன: கிருமி எந்த மருந்துக்கு அடங்கும், அந்த மருந்து கிருமி இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேருமா. பென்சிலின் குடும்ப மருந்துகள் பெரும்பாலும் நீரில் கரைபவை. கொழுப்புத் துளிக்குள் பதுங்கியிருக்கும் கிருமியை அவை எளிதில் எட்டுவதில்லை, போதாக்குறைக்கு இந்த இனத்தில் சில அவற்றுக்கு அடங்காதவையும்கூட. டாக்ஸிசைக்ளின், கிளாரித்ரோமைசின், ரிஃபாம்பிசின், கோட்ரைமாக்சசோல் ஆகியவை கொழுப்பில் ஊடுருவக் கூடியவை என்பதால் இவற்றுக்கு முன்னுரிமை தருகிறார்கள். ஆனால் ஒவ்வொரு நோயாளியின் கிருமியும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. டாக்ஸிசைக்ளினுக்கோ கிளாரித்ரோமைசினுக்கோ அடங்காத கிருமிகளும் இருப்பதால், எந்த மருந்து கேட்கும் என்று ஆய்வகம் பார்த்துச் சொல்வது இங்கே வெறும் சடங்கு அன்று. காசநோய் இல்லை என்று தெளிவாகும் முன் ரிஃபாம்பிசினைத் தனியாகத் தொடங்குவது தவறு. காசநோய் இருந்தால் அந்த ஒற்றை மருந்து கிருமியை அரைகுறையாக அடித்து, மருந்துக்கு அடங்காத கிருமியாக வளர்த்துவிடும்.

கால அளவைப் பற்றி முதல் நாளிலேயே வெளிப்படையாகப் பேசிவிடுவது பிற்பாடு பல சங்கடங்களைத் தவிர்க்கும். இது பத்து நாள் மருந்து கிடையாது. பல வாரங்கள், சிலருக்குப் பல மாதங்கள் தொடர வேண்டியிருக்கும். மார்பகக் காசநோய்க்குக் குறைந்தது 6 மாதம்: முதல் இரண்டு மாதம் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பியூட்டால் ஆகிய நான்கும், அதன் பிறகு அவற்றில் குறைவான மருந்துகளும். நீண்ட நாள் மருந்து என்றால் அதன் தொல்லைகளையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். டாக்ஸிசைக்ளினை நிறையத் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகிவிடும்; வெயிலில் தோல் எளிதில் சிவக்கும்; கருவுற்றிருப்பவர்களுக்குக் கொடுப்பதில்லை. ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்குவது பயப்பட வேண்டிய விஷயம் அன்று, ஆனால் கருத்தடை மாத்திரையின் பலனை அது குறைத்துவிடும் என்பதைச் சொல்லாமல் விட்டால் அது பெரிய குறை.

கத்தியை எவ்வளவு குறைவாக எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. கிரானுலோமா அழற்சியில் கீறிவிட்ட இடம் ஆறாமல் புழையாக மாறும் சாத்தியம் அதிகம் என்பதால், சீழ் சேர்ந்தால் ஊசியால் திரும்பத் திரும்ப உறிஞ்சுவதே முதல் வழி. பெரிய அளவில் வெட்டி எடுத்து மார்பகத்தின் வடிவத்தை இழந்த பிறகும் நோய் பக்கத்தில் தலைதூக்கியவர்கள் இருக்கிறார்கள். கிருமி எதுவும் அகப்படாத, அல்லது கிருமியை ஒழித்த பிறகும் வீக்கம் அடங்காத நிலையில், உடலின் மிகையான எதிர்வினையை அடக்க பிரட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டும், சிலருக்கு மெத்தோட்ரெக்சேட்டும் கொடுக்கிறார்கள். அவை பலன் தருகின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் கல்ச்சரும் காசநோய்ச் சோதனையும் முடியாமல் ஸ்டீராய்டைத் தொடங்குவதை நான் ஏற்க மாட்டேன், ஏனென்றால் அது வீக்கத்தை அடக்கும் வேகத்தில் கிருமியைப் பரவவும் விடும். லேசான நோயாக இருந்தால், மருந்தே இல்லாமல் கண்காணிப்பில் வைத்திருந்து, ஓராண்டு ஒன்றரை ஆண்டில் தானாக அடங்கியவர்களும் பலர்.

முன்னேற்றத்தை எப்படி அளப்பது என்பது பலரைக் குழப்பும். இங்கே ஒவ்வொரு நாளும் தொட்டுப் பார்ப்பதில் பயனில்லை. நேற்றைக்கு இன்று மாற்றமே தெரியாது, அழுத்திப் பார்ப்பதால் வலிதான் கூடும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை, முடிந்தவரை ஒரே இடத்தில் ஸ்கேன் எடுத்து, கட்டியின் அளவை முந்தைய அளவோடு ஒப்பிட்டால் போக்கு விளங்கும். கட்டி சுருங்கிக்கொண்டே வரும்போது நடுவில் ஒரு புதிய இடத்தில் சிறு வீக்கம் தோன்றுவது இந்த நோயின் இயல்பு. அதைப் பார்த்து மருந்து தோற்றுவிட்டது என்று நிறுத்திவிடக் கூடாது. சரியான மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு ஆறு வாரம் போன பிறகும் அளவு குறையவே இல்லை என்றால், மருந்தை மாற்றுவதற்கு முன் பழைய பயாப்ஸித் துண்டுகளை இன்னொரு முறை பார்க்கச் சொல்வதும், தேவைப்பட்டால் புதிதாகத் திசு எடுத்து மறுபடியும் இரண்டு குப்பிகளில் அனுப்புவதும்தான் அடுத்து செய்ய வேண்டியவை.